எட்டாம் இலக்கத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

கேள்வி: நாங்கள் திருகோணமலை, பாலையூற்றுப் பக்கம் 14 பேர். காலியில் தொடங்கும் டெஸ்ட் போட்டிக்கு வான் பிடித்துப் போக இருக்கிறோம். 17 பேர் கொண்ட குழாம் அறிவித்தாயிற்று. மூன்று சுழற்பந்து வீச்சாளரா, இரண்டு வேகப்பந்து வீச்சாளரா என்று எங்களுக்குள் ஒரே சண்டை. இரண்டாவது வேகப்பந்து வீச்சாளர் விளையாடாவிட்டால் பாதிப் பேர் வரமாட்டோம் என்கிறார்கள். வட்ஸ்அப் குழுவில் ஒருவர், போட்டிக்கு இரண்டு நாள் முன்னரே உறுதியான பதினொருவர் பட்டியலைத் தருவதாகச் சொல்லி ஆளுக்கு 1000 ரூபா கேட்கிறார். ஐந்து நாள் டிக்கெட்டும் வானும் தானே ஒழுங்கு செய்வாராம். நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். பட்டியலுக்கும் வேண்டாம், ஐந்து நாள் டிக்கெட்டுக்கும் வேண்டாம்.

முதலில் உங்கள் சண்டையை எடுப்போம். ஒரு தாளில் 1 முதல் 11 வரை எழுதுங்கள். முதல் ஆறு இடம் துடுப்பாட்ட வீரர்களுக்கு, ஏழாவது விக்கெட் காப்பாளருக்கு. சொந்த மண்ணில் நடக்கும் தொடரில் இந்த ஏழும் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. அடுத்ததாக முதன்மைச் சுழற்பந்து வீச்சாளர் ஒருவர், முதன்மை வேகப்பந்து வீச்சாளர் ஒருவர். ஒன்பது முடிந்தது. பத்தாவது பெயர் இரண்டாவது சுழற்பந்து வீச்சாளர். காலியில் இதிலும் அதிகம் தர்க்கம் வராது. மிஞ்சுவது ஒரே ஒரு இடம். துடுப்பாட்ட வரிசையில் அது பெரும்பாலும் எட்டாம் இலக்கமாக வரும். மூன்றாவது சுழலா, இரண்டாவது வேகமா, ஓரளவு துடுப்பெடுத்தாடக்கூடிய சகலதுறை வீரரா என்பதெல்லாம் அந்த ஒரு இடத்துக்கான போட்டிதான். 14 பேரும் இத்தனை நாளாகச் சண்டை பிடிப்பது ஒரே ஒரு கதிரைக்காக.

அந்தக் கதிரையைத் தீர்மானிப்பது எது? ஓவர் கணக்கு. ஒரு நாளைக்கு 90 ஓவர் வீச வேண்டும். காலி வெக்கையில் ஒரு வேகப்பந்து வீச்சாளரிடம் 15 ஓவர் எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் இழுத்தால் மூன்றாம் நாள் அவரிடம் வேகம் இருக்காது. இரண்டு வேகம், இரண்டு சுழல் என்றால் வேகத்துக்கு 30, சுழலுக்கு ஆளுக்கு 25 என்று 50. மிச்சம் 10 ஓவரைத் தனஞ்சய டி சில்வா, கமிந்து மெண்டிஸ் போன்ற சுழல் வீசத் தெரிந்த துடுப்பாட்ட வீரர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஒரு வேகம், மூன்று சுழல் என்றால் வேகத்துக்கு 15, சுழலுக்கு 75. இது, பந்து சுழலாத ஆடுகளத்தில் எதிரணிக்குக் கும்பிட்டுக் கொடுத்த மாதிரி. 80 ஓவருக்குப் பிறகு எடுக்கும் புதுப் பந்தின் ஒரு முனையை வேறு வழியில்லாமல் சுழற்பந்து வீச்சாளரிடம் கொடுக்க வேண்டி வரும். அந்த ஒரே வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடையில் பிடித்துக்கொண்டால் கதை அத்தோடு முடிந்தது.

'காலி என்றால் கண்ணை மூடிக்கொண்டு மூன்று சுழல்' என்று சொல்லும் நண்பருக்கு மூன்று ஸ்கோர் பட்டியல்களைக் காட்டுங்கள். 2022 ஜூலையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை ஒரே ஒரு வேகப்பந்து வீச்சாளரோடு இறங்கியது. பிரபாத் ஜயசூரிய தன் முதல் டெஸ்ட்டிலேயே 12 விக்கெட் எடுத்தார், இலங்கை ஓர் இன்னிங்ஸ் மற்றும் 39 ஓட்டங்களால் வென்றது. 2025 ஜனவரியில் அதே மைதானம், அதே எதிரணி, அதே மாதிரி மூன்று சுழல், ஒரு வேகம். நாணயச்சுழற்சி கைவிட்டுப் போனது. அவுஸ்திரேலியா 6 விக்கெட்டுக்கு 654 அடித்தது, இலங்கை 165க்கும் 247க்கும் சுருண்டு, ஓர் இன்னிங்ஸ் மற்றும் 242 ஓட்டங்களால் தோற்றது. 2025 ஜூனில் பங்களாதேஷ் வந்தபோது அதே காலி மைதானத்தில் இரு அணியும் முதல் இன்னிங்ஸில் 480ஐத் தாண்டின, போட்டி சமநிலையில் முடிந்தது. ஊர் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் தயார் செய்யும் பிட்ச் வேறு, அதன் ஈரம் வேறு.

இங்கே கனபேர் தவறவிடும் ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். தலைவர் பதினொருவர் பெயரையும் எழுத்தில் கொடுப்பது நாணயம் சுண்டுவதற்கு முன்னர். 'டொஸ் வென்று முதலில் ஆடினால் மூன்று சுழல், இல்லாவிட்டால் இரண்டு வேகம்' என்று மாற்றிக்கொள்ள வழியே இல்லை. டொஸ் தோற்றாலும் தாங்கக்கூடிய அணியைத்தான் அவர் எழுத வேண்டும். தெரிவுக்குழுவும் பயிற்றுநரும் அன்று காலை வரை பிட்ச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

போட்டிக்கு முந்திய நாள் நீங்கள் வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு. எதிரணியின் முதல் ஏழு பேரில் இடதுகைக்காரர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். நால்வருக்கு மேல் என்றால் வலதுகை ஓஃப் ஸ்பின் வீசுபவருக்கு இடம் நெருங்குகிறது. அவருடைய பந்து இடதுகைக்காரரை விட்டு வெளியே திரும்பும். 2024 செப்டெம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக அறிமுகமாகி இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்த நிஷான் பீரிஸ் இப்படி வலதுகை ஓஃப் ஸ்பின் வீசுபவர்தான். அடுத்து, வலைப்பயிற்சிக் காட்சி. முந்திய நாள் முழு வேகத்தில் நீண்ட நேரம் வீசிக்கொண்டிருக்கும் வேகப்பந்து வீச்சாளரைப் பார்த்து 'ஆள் நல்ல சூட்டில இருக்கிறார், விளையாடுவார்' என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அவர்தான் அடுத்த நாள் வெளியே இருப்பவர். விளையாடப் போகிறவர் நாலைந்து ஓவரோடு உடம்பை மிச்சம் பிடித்துக்கொள்வார். பிட்ச் படத்தில் இரு முனையிலும் பந்து விழும் இடம் மட்டும் புல் வழித்து வெளிறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அது சுழலுக்குத் தயார் செய்த பிட்ச். நடுவில் லேசாகப் பச்சை இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நம் மைதானங்களில் மென்பந்தும் மெற் விரித்த பிட்ச்சும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இன்னொரு பொறி உண்டு. நாலு ஓவரில் மூன்று விக்கெட் எடுத்தவரை டெஸ்ட்டுக்குக் கேட்பது. ஒரே நீளத்தில் 25 ஓவர் போடுகிறாரா என்பதைத்தான் தெரிவாளர்கள் பார்க்கிறார்கள். அதை நீங்கள் பார்க்க வேண்டிய இடம் முதல்தரப் போட்டிகளின் ஓவர் எண்ணிக்கை.

இப்போது உங்கள் வட்ஸ்அப் ஆளிடம் வருவோம். அவர் எப்படிச் 'சரியாக' சொல்கிறார் என்பதை விளக்குகிறேன். ஒன்பது பெயர் எல்லோருக்கும் தெரியும். மிச்சம் இரண்டு இடத்துக்கு நாலு பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். நால்வரில் இருவரைச் சேர்க்கக்கூடிய விதம் ஆறு. 120 பேரிடம் ஆளுக்கு 1000 வாங்கினால் கையில் 120,000 ரூபா. அவர்களை 20 பேராக ஆறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு பட்டியல் அனுப்புகிறார். ஆறில் ஒன்று சரிவந்தே தீரும். அந்த 20 பேரும் 'மனுசன் பதினொரு பேரையும் அப்பிடியே சொன்னார்' என்று ஸ்கிரீன்ஷொட்டை ஊர் முழுக்க அனுப்புவார்கள். அடுத்த டெஸ்ட்டுக்கு விலை 5000. பிழைத்த ஐந்து குழுவுக்கும் ஒரே பதில்: 'கடைசி நேரத்தில காயம், நான் என்ன செய்ய?'

அந்தப் பதிலில் ஏமாறாமல் இருக்க ஒரு விதிவிலக்கைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தரகர் ஒளிந்துகொள்வது இதன் பின்னால்தான், ஆகவே பொறுமையாக வாசியுங்கள். பெயர்களை எழுத்தில் கொடுக்கும் வரை தலைவர் யாரையும் மாற்றலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. கொடுத்த பிறகு மாற்ற வேண்டுமானால் எதிரணித் தலைவர் சம்மதிக்க வேண்டும். போட்டி தொடங்கிய பிறகு ஒருவருக்குக் காயம் என்றால் வருகிறவர் களத்தடுப்புக்கு மட்டும். அவர் பந்து வீசவும் முடியாது, துடுப்பெடுத்தாடவும் முடியாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் மட்டும், 2019 ஓகஸ்ட் முதல், அவரைப் போன்ற ஒருவர் முழு வீரராகவே வரலாம். அதற்கும் போட்டித் தீர்ப்பாளரின் அனுமதி வேண்டும். 2025 நடுப்பகுதியிலிருந்து ஒவ்வோர் அணியும் இதற்கென ஐந்து பேரை முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்: விக்கெட் காப்பாளர் ஒருவர், துடுப்பாட்ட வீரர் ஒருவர், வேகம் ஒருவர், சுழல் ஒருவர், சகலதுறை ஒருவர். ஆகவே 'காயத்தால் மாறிவிட்டது' என்று தரகர் சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: மாற்றம் நடந்தது பெயர் கொடுப்பதற்கு முன்னரா, பின்னரா? பின்னர் என்றால் அது எல்லாச் செய்தியிலும் வந்திருக்கும். முன்னர் என்றால், இரண்டு நாளுக்கு முன் அவர் விற்ற பட்டியலில் 'உறுதி' என்று எதுவும் இருந்ததே இல்லை.

2022இல் பிரபாத் ஜயசூரிய அணிக்குள் வந்ததையே பாருங்கள். சுழற்பந்து வீச்சாளர் ஒருவருக்குக் கொரோனா உறுதியாகி, தொடரின் நடுவில் குழாமுக்குள் அழைக்கப்பட்டவர் அவர். போட்டி நெருங்க நெருங்க இன்னும் சிலருக்கும் தொற்று வந்தது. அந்த வாரம் எந்தத் தரகன் எந்தப் பட்டியலை விற்றிருந்தாலும் அது குப்பைதான்.

ஒருவேளை அவரிடம் உண்மையிலேயே அணிக்குள் இருந்து தகவல் வருகிறது என்றால்? அது இன்னும் மோசம். பந்தயத்துக்காக உள்தகவல் கொடுப்பது 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் குற்றம். விளையாட்டுத் தொடர்பான தவறுகளைத் தடுக்க வந்த சட்டம் அது, 10 வருடம் வரை சிறைக்கு இடம் வைத்திருக்கிறது. அவருடைய கணக்குக்கு நீங்கள் அனுப்பிய 1000 ரூபாவுக்கு வங்கியில் பதிவு இருக்கும். விசாரணை வரும் நாளில் 'நாங்கள் மைதானத்துக்குப் போகத்தான் கேட்டோம்' என்று 14 பேரும் தனித்தனியாக விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இந்தத் தரகர்கள் இவ்வளவு தழைப்பதற்குக் காரணம் நம் முறைமை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டப்படி தேசிய அணிக்கு அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். தெரிவுக்குழு எழுதிய பட்டியல் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வதந்திக்கு உயிர் கொடுக்கிறது. பட்டியல் வந்தாலும் வெறும் பெயர்தான். விடுபட்டவர் காயமா, ஓய்வா, நீக்கமா என்று பெயருக்கு நேரே ஒரு சொல் எழுத எவ்வளவு நேரம் எடுக்கும்? இதைப் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதல்தரக் கழகக் கிரிக்கெட் இன்னமும் கொழும்பைச் சுற்றியே கிடக்கிறது. கிழக்கு மாகாணத்தில் ஒரு டெஸ்ட் மைதானமும் இல்லை. வீரர்களின் நீண்ட ஓவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு திருகோணமலை ரசிகருக்குக் கொடுக்கப்படவே இல்லை. பார்க்க வழியில்லாதவனிடம்தான் தரகன் தகவல் விற்கிறான்.

டிக்கெட் விடயம். முதல் நாளே காலி மைதான வாசலுக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், 350 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் வான் முந்திய நாள் மாலையே திருகோணமலையை விட வேண்டும். அந்த நேரம் பதினொருவர் தாள் எழுதப்பட்டிருக்காது. ஆகவே வீரரைப் பார்த்து நாளைத் தெரிவு செய்யாமல், நாளைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். இரண்டாம், மூன்றாம் நாட்களுக்கு மட்டும் எடுங்கள். இலங்கை முதலில் துடுப்பெடுத்தாடினாலும் சரி, பந்து வீசினாலும் சரி, அந்த இரண்டு நாளுக்குள் உங்கள் வேகப்பந்து வீச்சாளர் அணியில் இருந்தால் ஓடி வந்து வீசுவதைப் பார்க்க வாய்ப்பு மிக அதிகம். ஐந்தாம் நாளுக்குக் காசு கட்டவே வேண்டாம். 2022இல் அவுஸ்திரேலியாவுடன் நடந்த முதல் காலி டெஸ்ட் மூன்றே நாளில் முடிந்தது. 2025இல் அதே அணியுடன் நடந்த தொடரின் இரண்டு போட்டியும் நாலு நாளில் முடிந்தன. ஐந்து நாள் 'பெக்கேஜ்' விற்பவர் இலாபம் பார்ப்பதே நடக்காத நாட்களில்தான். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்காகப் போட்டியின் நடுவே ஒரு நாள் ஓய்வு விட்டார்கள். ஆகவே திகதிகளையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை ஸ்ரீலங்கா கிரிக்கெட்டின் உத்தியோகபூர்வ விற்பனையில் உங்கள் பெயரிலேயே எடுங்கள். வான்காரருக்கு ஓடும் நாளுக்கு மட்டும் முற்பணம், மிச்சம் திரும்பி வந்த பிறகு.

ஒன்று மட்டும் இங்கிருந்து தெரியாது. ஆடி மாதத்தில் நமக்குக் கச்சான் காற்றும் வெயிலும். காலியிலோ தென்மேல் பருவக்காற்று மழையை இறக்கிக்கொண்டிருக்கலாம். நிலாவெளி வானத்தைப் பார்த்துவிட்டு வான் ஏறாதீர்கள். புறப்படும் அன்று காலை வளிமண்டலவியல் திணைக்களத்தின் தென் மாகாண எதிர்வுகூறலைப் பாருங்கள். இரண்டாம் நாள் முழுக்க மழை என்றால் பயணத்தை ஒரு நாள் தள்ளி, மூன்றாம் நான்காம் நாட்களுக்கு மாற்றிவிடுங்கள். வான்காரரிடம் இதை முற்பணம் கொடுக்கும்போதே பேசி வையுங்கள்.

எட்டாம் இலக்கத்தில் யார் என்பதை, போட்டி தொடங்கும் காலை நாணயச்சுழற்சியோடு வரும் அறிவிப்பில் பதினாலு பேரும் ஒரு சதமும் கொடுக்காமல் போனில் பார்க்கலாம். நீங்கள் புறப்படுவது அன்று மாலை என்பதால், வரமாட்டேன் என்று நிற்கிற பாதிப் பேருக்கும் முடிவெடுக்க அரை நாள் இருக்கிறது.