மயாமி ஃப்யூஷன் (1998–2001): கேள்வி பதில்

ஈரோடு: லீகில் முதலிடம் பிடித்த அணியைப் போய் மூடுவார்களா சார்?

மூடினார்கள். 2001 சீசனில் அமெரிக்கக் கால்பந்து லீகான எம்.எல்.எஸ். பட்டியலின் உச்சியில் இருந்தது மயாமி ஃப்யூஷன். 2002 ஜனவரி 8 அன்று அதையும் டாம்பா பே மியூட்டினியையும் லீக் கலைத்தது. 12 அணிகள் 10 ஆயின.

ஆட்டம் கெட்டு மூடவில்லை, வரவு செலவு கட்டுப்படியாகவில்லை. உரிமையாளர் கென் ஹோரோவிட்ஸ் 2 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே வந்தவர். மயாமியின் ஆரஞ்ச் பவுல் மைதானத்துக்கு ஒப்பந்தம் படியவில்லை. சுமார் 45 கி.மீ. வடக்கே, ஃபோர்ட் லாடர்டேலில் இருந்த லாக்ஹார்ட் மைதானத்தைத் தன் செலவில் புதுப்பித்துக் குடியேறினார். சொந்த இடம் இல்லை. பெயரில் இருந்த ஊர் ஒன்று, ஆடிய ஊர் வேறு. பெரிய விளம்பரதாரர்களும் சேரவில்லை. மற்ற அணிகளின் உரிமையாளர்களான அன்ஷுட்ஸ், ஹன்ட், கிராஃப்ட் மூவரும் நஷ்டத்தைத் தாங்கி லீகை இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தனி ஆளாய் நின்றவரால் இன்னொரு வருடம் தாங்க முடியவில்லை. வீரர்களின் ஒப்பந்தமே லீகின் கையில் இருந்ததால் கலைப்பதும் சுலபமாகிவிட்டது.

நாகர்கோவில்: கூட்டம் வராததால்தான் மூடினார்கள் என்கிறார்களே?

பாதி உண்மை. 2000-இல் சராசரி சுமார் 7,500 பேர். 2001-இல் 11,000-ஐத் தாண்டியது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது கதவை அடைத்தார்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

சேலம்: இன்டர் மயாமிதான் பழைய ஃப்யூஷனா?

இல்லை. இன்றைய எம்.எல்.எஸ். அணியான இன்டர் மயாமி வேறு அணி, வேறு உரிமையாளர்கள். தொடங்கிய இடம் மட்டும் அதே. லாக்ஹார்ட்டை 2019-இல் இடித்து, அங்கே கட்டிய புது மைதானத்தில் 2020-இல் இன்டர் மயாமி ஆடத் தொடங்கியது.

திருச்சி: 1999-இல் 13 வெற்றி என்றால் 39 புள்ளி வரவேண்டும். பட்டியலில் 29தான் இருக்கிறது. அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 1999 வரை அங்கே டிரா கிடையாது. சமநிலையில் முடிந்தால் ஷூட்அவுட்: 35 கெஜத்திலிருந்து பந்தோடு ஓடி வந்து 5 விநாடிக்குள் அடிக்க வேண்டும். அதில் ஜெயித்தால் 1 புள்ளிதான், தோற்றால் பூஜ்யம். ஃப்யூஷனின் 13-இல் 5 ஷூட்அவுட் வெற்றி. 8×3=24, கூட 5, ஆக 29. 1998-க்கும் இதே கணக்கு: 15 வெற்றியில் 5 ஷூட்அவுட், 35 புள்ளி. அந்தக் காலப் பட்டியலை எடுத்தால் முதலில் ஷூட்அவுட் வெற்றியைப் பிரித்துவிடுங்கள்.

கோவை: 2001 முதலிடத்தையே நான் ஏற்கவில்லை. சிகாகோவுக்கும் 53 புள்ளிதானே?

சிகாகோ 27 ஆட்டத்தில் 53. ஃப்யூஷன் 26 ஆட்டத்தில் 53: 16 வெற்றி, 5 டிரா, 5 தோல்வி. ஆட்டத்துக்கு 2.04, சிகாகோவுக்கு 1.96.

கோவை (மீண்டும்): செப்டம்பர் 11 தாக்குதலால் மிச்ச ஆட்டங்கள் ரத்து. நடந்திருந்தால் மாறியிருக்கும்.

மாறியிருக்கலாம். ஆனால் ஒரு ஆட்டம் கூடுதலாக மிச்சம் இருந்தது ஃப்யூஷனுக்கு. குறைந்த ஆட்டத்தில் சிகாகோ அதிகப் புள்ளி எடுத்திருக்க வேண்டும். பந்தயம் யார் பக்கம் என்று நீங்களே பாருங்கள்.

தஞ்சாவூர்: கோவை நண்பருக்கு என் ஓட்டு. கோப்பை ஜெயிக்காத அணிக்கு என்ன பெருமை?

பட்டியலில் முதலிடம் பிடித்த அணிக்குத் தரும் சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு ஒரு சீசன் முழுக்க ஆடி வாங்குவது. கோப்பை, அதற்குப் பிறகு நடக்கும் பிளே-ஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றில் கிடைப்பது. பிளே-ஆஃப் அரையிறுதியின் மூன்றாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், சான் ஹோசேயின் டிராய் டேயக் போட்ட கோல்டன் கோலில் (கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும்) முடிந்தது. ஒரே கோல், சீசன் காலி. அந்த சான் ஹோசேதான் கோப்பையையும் தூக்கியது. ரே ஹட்சனின் பயிற்சியில் பினேடா சக்கோன் 19 கோல் அடித்து லீகின் சிறந்த வீரர் ஆனதும், செர்னாவும் பிரெக்கியும் பக்கத்தில் நின்று ஆடியதும் அந்த ஒரு கோலால் பொய்யாகிவிடுமா?

மதுரை: வால்டெரமா இருந்தும் ஏன் ஆரம்பத்தில் சோபிக்கவில்லை?

கொலம்பியாவின் நடுக்கள வீரர் அவர்; பாஸ் போட்டால் ஓடிப் போய் முடிக்க ஆள் வேண்டும். 2001 முன்வரிசை அப்போது முழுசாக இல்லை. 1999-இலேயே டாம்பாவுக்குத் திரும்பிவிட்டார்.

விருதுநகர்: 1998-இல் 15 வெற்றி, 45 புள்ளி வரணுமே?

திருச்சிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். ஷூட்அவுட்.

கடலூர்: இன்டர் மயாமியின் பழைய பெயரா இது?

இல்லை. சேலத்துக்கான பதில்.

திண்டுக்கல்: கலைத்த பிறகு வீரர்கள் என்ன ஆனார்கள்?

மற்ற அணிகள் பங்கிட்டுக்கொண்டன. கோல்கீப்பர் நிக் ரிமாண்டோவும் கைல் பெக்கர்மனும் வேறு வேறு வழியில் போய் ரியல் சால்ட் லேக்கில் மறுபடி சேர்ந்து 2009 கோப்பையை வென்றார்கள். பாப்லோ மாஸ்ட்ரோயெனி 2002 உலகக் கோப்பையில் ஆடினார். 2010-இல் கொலராடோவின் கேப்டனாகக் கோப்பை தூக்கினார்.