கல்யாண மண்டபத்தில் போஸ்ட்-பங்க்: பேஸ் பாக்ஸ் ரெண்டா, நாலா?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு சின்ன கல்யாண மண்டபத்தை ஒரு ராத்திரிக்கு எடுத்திருக்கிறோம். கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ், பாட்டு என்று ஒரு போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை) குழு. அப்புறம் லேப்டாப்பும் சிந்தசைசரும் வைத்துப் பரிசோதனை எலெக்ட்ரானிக் இசை செய்யும் நண்பர் ஒருவர். நூற்றைம்பது பேர் வரலாம். ரேடியோ செட் அண்ணாச்சி நாலு பேஸ் பாக்ஸ் (அடிச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர் பெட்டி) தருகிறேன் என்கிறார். போதுமா?

பதில்: அதிகம். ரெண்டு போதும்.

டைல்ஸ் தரை, வழவழப்பான சுவர், கான்கிரீட் கூரை. இப்படிப்பட்ட இடத்தில் எழுந்த ஓசை அடங்க நேரம் பிடிக்கும். நாதஸ்வரமும் தவிலும் இதற்கெல்லாம் அசராது. போஸ்ட்-பங்கில் மெட்டைப் பல நேரம் பேஸ் கிடார்தான் தூக்கிச் செல்லும். ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்துக் குழுவில் பீட்டர் ஹுக் வாசித்ததைக் கேட்டிருப்பீர்கள். 200, 300 ஹெர்ட்ஸ் என்ற கீழ்ச்சுருதிப் பக்கம் மண்டபத்தில் ஓசை குழம்பினால் அந்த மெட்டே காணாமல் போய்விடும். மிக்சரில் அந்த இடத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். பாட்டு மைக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஜாய் டிவிஷனின் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் ஸ்டூடியோவில் மெனக்கெட்டு உண்டாக்கிய எதிரொலியை உங்களுக்கு மண்டபமே ஓசியில் தரும். எதிரொலி சேர்க்கும் ரிவெர்பைத் தொட வேண்டாம். பின்சுவரில் கனமான ஜமக்காளம் தொங்கவிட்டால் மேல் சத்தம் கொஞ்சம் அடங்கும். பத்தமடைப் பாய் அழகுக்குச் சரி, ஒலியை உறிஞ்சாது.

ரெண்டு பேஸ் பாக்ஸையும் மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைப்பதுதான் வழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட ஆறு மீட்டர். ஒரு பெட்டியைவிட மற்றது மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் இடத்தில் ரெண்டு அலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அங்கே நிற்பவருக்கு பேஸே கேட்காது, ரெண்டடி நகர்ந்தால் நெஞ்சில் இடிக்கும். மேடைக்கு முன்னால், நடுவில், தரையில் ரெண்டையும் ஒட்டி வையுங்கள். இந்தத் தொல்லை போகும், பலமும் கூடும்.

அண்ணாச்சியிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டும் கச்சேரிக்கு மெல்லிசையும் போட்டுப் பழகியவருக்கு, பாட்டுக்குரல் எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும் என்பது கையிலேயே ஊறியது. இந்த இசையில் குரல் பாதி உள்ளே புதைந்திருப்பதுதான் முறை. சொல்லாவிட்டால் ரெண்டாவது பாட்டிலேயே குரலை ஏற்றிவிடுவார், பாவம், அவர்மேல் தப்பில்லை.

லேப்டாப்பில் சார்ஜர் செருகியதும் 'ம்ம்' என்று இரையும். பாதி மண்டபங்களில் இதுதான் கதை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை இடையில் போட்டு, மேடைக் கருவிகள், மிக்சர் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுங்கள். இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு. மைக்கைத் தொடும் பாடகருக்கு ஷாக் அடிக்கும், உயிர்கூடப் போகலாம். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில விநாடியில் சிந்தசைசர் அணைந்துவிடும் என்பதால் அதற்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று.

யார் முதலில்? எலெக்ட்ரானிக்தான். அடிபேஸ் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீடு வரை போகும், அதை ஏழு மணிக்கே முடித்துவிடுவது நல்லது. டிரம்ஸைப் பின்னால் முன்பே மாட்டி வைத்து லேப்டாப் மேசையை முன்னால் போட்டால், மாறும்போது மேசையை மட்டும் தூக்கினால் போதும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விலக்கு உண்டு, ஆனால் ஜன்னலெல்லாம் திறந்த மண்டபத்தைக் காட்டி அதைக் கேட்காதீர்கள். குடியிருப்புப் பகுதியின் இரவு அளவு 45 டெசிபல்தான். ஒன்பதே முக்காலுக்கு முடித்துவிடுங்கள். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிப் பக்கமோ பள்ளிக்கூடம் ஒட்டியோ மண்டபம் இருந்தால், அமைதி மண்டலமாக அறிவித்திருக்கிறார்களா என்று காவல் நிலையத்தில் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கி, அன்றைக்குக் கையோடு வைத்திருங்கள்.