அந்த வீடுகளில் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்

அன்புள்ள அக்கா,

ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். நகரத்துக்குக் கிழக்கே நாங்கள் கட்டிய சிறுவர் கிராமத்துக்கு ஏப்ரல் கடைசியில் திறப்புவிழா. பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு ஒரு அம்மா, எட்டுக் குழந்தைகள். குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. அமைச்சரும் ஐரோப்பாவிலிருந்து நன்கொடையாளர்களும் வருகிறார்கள். நாடா வெட்டுதல், கல்வெட்டுத் திறப்பு, நடனம், மூன்று குழந்தைகள் தங்கள் கதையை மேடையில் சொல்வது, பரிசளிப்பு. விட்டுப்போனது ஏதாவது உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் தேதியை மாற்றுங்கள். 1994 இனப்படுகொலையின் நினைவுகூரல் ஏப்ரல் 7-இல் தொடங்கி ஜூலை 4 வரை நீள்கிறது. முதல் வாரம்தான் தேசிய துக்கம் என்றாலும், அந்த மூன்று மாதமும் எத்தனையோ குடும்பங்களுக்கு ஏதாவது ஒரு நாள் திவச நாள். உங்கள் கிராமத்து அம்மாக்களில் யாருக்கு எந்த நாள் என்று கேட்டீர்களா? உங்கள் ருவாண்டா சகாக்கள் மரியாதைக்காக வாய் திறக்காமல் இருக்கலாம். போதாததற்கு ஏப்ரலில் மழை கொட்டும். ஜூலை பாதிக்கு மேல் வைத்தால் வானமும் வெளுத்திருக்கும், மேளம் அடிக்க யாருக்கும் சங்கடமும் இருக்காது.

அடுத்தது, அந்த மூன்று குழந்தைகள். அதை எடுத்துவிடுங்கள். கெஞ்சியே கேட்கிறேன். சில வருடங்களுக்கு முன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு இல்லத்தின் திறப்புவிழாவில் பத்து வயதுப் பெண் ஒருத்தியை மேடையேற்றி, அவளுடைய அம்மா எப்படிச் செத்தாள் என்று சொல்லவைத்தார்கள். சொல்லி முடித்ததும் கூட்டம் கைதட்டியது. கைதட்டு ஓய்ந்த பிறகு எங்கே போவதென்று தெரியாமல் அவள் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள், இன்னும் அது என் கண்ணில் நிற்கிறது. மறுநாள் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தானே அவள் போயாக வேண்டும்? குழந்தையின் அந்தரங்கத்துக்கு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் பாதுகாப்புச் சொல்கிறது, ஆப்பிரிக்கக் குழந்தைகள் சாசனமும் சொல்கிறது. உங்கள் மேலதிகாரி வற்புறுத்தினால் அதைக் காட்டுங்கள்.

ஹெர்மன் க்மைனர் 1949-இல் ஆஸ்திரியாவின் இம்ஸ்டில் முதல் எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமத்தைத் தொடங்கியபோது பெரிய விடுதி கட்டவில்லை; ஒரு அம்மா, உடன்பிறப்புகள், ஒரு வீடு, அதைச் சுற்றி ஒரு ஊர், அவ்வளவுதான் அவர் யோசனை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ருவமகானாவில் 2008-இல் தொடங்கிய அகஹோசோ ஷாலோமும் அந்த மாதிரிதான், பதின்பருவப் பிள்ளைகளுக்காக. அகஹோசோ என்றால் அந்த நாட்டு மொழியான கின்யருவாண்டாவில் கண்ணீர் துடைக்கப்படும் இடம். சரி, வீடு என்று சொல்லித்தானே கட்டுகிறோம், அப்படியானால் இரண்டு மாதமாகக் குடியிருக்கிறவர்களின் வாசலில் நாடா கட்டி வெளியூர்க்காரர் வெட்டுவது எப்படிச் சரியாகும்? விருந்தாளி வரட்டும். இஷ்டப்படுகிற அம்மா மட்டும் தன் வாசலில் நின்று "முராகாஸா நேஸா" என்று உள்ளே கூப்பிடட்டும். கூடத்தோடு சரி, படுக்கையறைக்குள் யாரும் போகவேண்டாம், குழந்தைகள் முகத்தைப் படம் எடுக்கவும் வேண்டாம். பரிசுகளை மறுநாள் அம்மாக்களிடம் கொடுத்தால் போதும்.

மாதக் கடைசி சனிக்கிழமை அங்கே உமுகாண்டா, நாடே தெருவில் இறங்கி வேலை செய்கிற காலை. விழாவை அன்றைக்கே வையுங்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அமைச்சரும் நன்கொடையாளர்களும் சேர்ந்து கிராமத்துப் பாதையைச் சீர்செய்யட்டும், அப்புறம் நிழலில் உட்கார்ந்து சாப்பிடட்டும், பேச்சு கின்யருவாண்டாவில் சுருக்கமாக இருக்கட்டும். நாளைக்கு இந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வரப்போவது அந்த அக்கம்பக்கத்தார்தான்.

கல்வெட்டில் 'அனாதை' என்ற சொல் வேண்டாம். பாட்டியோ சித்தியோ உயிரோடு இருக்கிற குழந்தைகள் உங்களிடமும் இருப்பார்கள், ருவாண்டா அரசே 2012 முதல் இல்லங்களிலிருந்து குழந்தைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பும் கொள்கையில் இருக்கிறது. அந்தப் பாட்டிகளைக் கூப்பிட்டீர்களா? உங்கள் நிரலில் விட்டுப்போனது அவர்கள்தான். எந்தெந்தக் குழந்தைக்கு யார் யார் இருக்கிறார்கள், பார்க்க வந்தால் குழந்தைக்கு நல்லதுதானா என்று உங்கள் சமூகப் பணியாளரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு பேருந்து பிடிக்கலாம். முதல் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு.

அன்புடன்,
அக்கா