நடந்ததா, கதையா? டிராயும் ஒன்பதாம் வகுப்பும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் ஒரு சிறுநகரப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பாடத்தில் கிரேக்கம் சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கோ ஜீயஸ், போசைடன், மெடுசா எல்லாம் வீடியோ கேமிலும் டப்பிங் படங்களிலும் நன்றாகப் பழக்கம். அந்த ஆர்வத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒன்பதாம் வகுப்பின் நூலகப் பீரியடில், கிரேக்கர்கள் டிராய் நகரை முற்றுகையிட்ட போரைச் சொன்னேன். வீரர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து ஊருக்குள் புகுந்ததோடு முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, "மிஸ், இது நிஜமா நடந்ததா, கதையா?" என்றாள். கதைதான் என்றேன். "அப்போ ஹிஸ்டரி மிஸ் எதுக்கு இதைச் சொல்றீங்க?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். சங்கப் பாடலில் வரும் யவனர் இவர்கள்தானா என்று கேட்கிறார்கள். அப்புறம், இந்தக் கடவுள் கதைகளில் பாதி, பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவதாகவே இருக்கிறது. பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் இதை எப்படிச் சொல்வது? பன்னிரண்டு கடவுள்களுக்கு ஒரு சார்ட் வரைந்து, வினாடி வினா நடத்தி நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றுகிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டதைவிட நல்ல கேள்வியை டிராய் பற்றி யாரும் கேட்டுவிட முடியாது. நூற்றைம்பது வருடமாக ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டுவது அதற்கு விடை தேடித்தான். சார்ட் வேண்டாம். பன்னிரண்டு பெயரும் பரீட்சை முடிந்த மறுவாரம் மறந்துபோகும்.

"நடந்ததா, கதையா" என்பதை ஒரே கேள்வியாக வைத்துக்கொண்டால் பதில் சொல்லவே முடியாது. உடைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஓர் ஊர் இருந்ததா? அது எரிந்ததா? டிராயின் இளவரசன் ஹெக்டர் என்று ஒருவன் இருந்தானா? தோற்ற ஊரின் பெண்களுக்கு என்ன ஆகும் என்று கதை சொல்வது உண்மையா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு, சான்றும் வேறு.

ஊர் இருந்தது. இன்றைய துருக்கியில், டார்டனெல்ஸ் நீரிணைக்குப் பக்கத்தில், ஹிசார்லிக் என்ற மேடு. ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது முக்கிய அடுக்குகள் அங்கே கிடைத்திருக்கின்றன. 1870களில் அதைத் தோண்டிய ஷ்லீமன் என்ற ஜெர்மன் வணிகர், டிராய் போரைப் பாடிய கிரேக்கக் கவிஞர் ஹோமர் சொன்னது அடியில்தான் இருக்கும் என்று மேல் அடுக்குகளை வெட்டித் தள்ளிக்கொண்டே போனார். 1873இல் பொன் நகைகள் கிடைத்ததும் 'பிரியம் மன்னனின் புதையல்' (பிரியம், ஹெக்டரின் தகப்பன்) என்று அறிவித்தார். அந்த அடுக்கு, போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழையது என்பது பிறகு தெரிந்தது. கதையை முழுக்க நம்பிய அவசரத்தில் அவர் தேடிய அடுக்குகளையே நிறையச் சிதைத்துவிட்டார். இதைப் பிள்ளைகளிடம் அவசியம் சொல்லுங்கள். கதையை நம்பியதால்தான் அவர் அந்த மேட்டைத் தோண்டப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கி.மு. 1200ஐ ஒட்டிய ஓர் அடுக்கு எரிந்து கிடக்கிறது. எரித்தவர்கள் யார் என்று அந்தச் சாம்பலை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது.

ஹெக்டர் கொஞ்சம் பொறுக்கட்டும். இப்போது நான்காவது கேள்வி, பெண்களைப் பற்றியது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதற்கு மரக்குதிரையை விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போகவேண்டும். டிராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டில் மரக்குதிரையே கிடையாது. பத்தாம் வருடப் போரின் சில வாரங்களை மட்டும் சொல்லி, ஹெக்டரின் ஈமச்சடங்கோடு அந்தக் காவியம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்கும். குதிரை அவருடைய இன்னொரு காவியமான ஒடிசியில் வருகிறது. விரிவாகச் சொன்னவர் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த ரோமானியக் கவிஞர் வர்ஜில்.

இலியட்டின் ஆறாம் பகுதியில் ஹெக்டர் போர்க்களத்திலிருந்து ஊருக்குள் வருகிறான். மனைவி ஆண்ட்ரோமக்கி கோட்டை வாசலில் அவனைப் பிடித்து நிறுத்துகிறாள். கூடவே தாதியின் இடுப்பில் கைக்குழந்தை. அவளுடைய தகப்பனையும் ஏழு அண்ணன் தம்பிகளையும் கிரேக்க வீரன் அகிலீஸ் ஏற்கெனவே கொன்றுவிட்டான். எனக்கு அப்பா, அம்மா, அண்ணன், புருஷன் எல்லாம் நீதான், போகாதே என்கிறாள். ஹெக்டர் பொய் சொல்லித் தேற்றுவதில்லை. இந்த ஊர் ஒருநாள் அழியும், எனக்குத் தெரியும் என்கிறான். தாய் தகப்பனுக்கும் தம்பிகளுக்கும் நேரப்போவதைவிட உனக்கு நேரப்போவதுதான் என்னை வதைக்கிறது. எவனோ உன்னை அழ அழ இழுத்துப்போவான். கடல் கடந்து இன்னொருத்தியின் தறியில் நெய்வாய், அந்த ஊர் ஊற்றில் தண்ணீர் சுமப்பாய் என்கிறான். சொல்லிவிட்டுக் குழந்தைக்குக் கை நீட்டுகிறான். குழந்தை தலைக்கவசத்தையும் அதன் உச்சியில் ஆடும் குதிரைமயிரையும் பார்த்து வீறிட்டு, தாதியின் மார்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்பாவும் அம்மாவும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறான்.

இதை அப்படியே சொல்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். சொல்லி முடித்ததும் அந்தத் தறியைப் பற்றிக் கேளுங்கள்: போரில் தோற்ற ஊர்ப் பெண்களை நெய்வதற்குக் கொண்டுபோனார்கள் என்பது ஹோமர் கற்பனை செய்ததா?

கிரேக்கத்தின் தென்மேற்கு மூலையில் பைலோஸ் என்ற இடம். இலியட்டில் வரும் கிழவர் நெஸ்டரின் ஊர். அங்கே 1939இல் அமெரிக்க அகழாய்வாளர் கார்ல் பிளேகன் ஓர் அரண்மனையைத் தோண்டியபோது களிமண் பலகைகள் கிடைத்தன. அரண்மனைக் கணக்கர்கள் ஈர மண்ணில் கீறிக் காயவைத்தவை. சுட்டு வைக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. கி.மு. 1200 வாக்கில் அரண்மனை எரிந்தபோது அந்தத் தீயே சுட்டுக் கெட்டிப்படுத்திவிட்டது. அதனால்தான் அழிவுக்கு முந்தைய கடைசிக் கணக்குகள் நம் கைக்கு வந்திருக்கின்றன.

அவற்றில் பெண்களின் பட்டியல் இருக்கிறது. எழுநூறு பேருக்கு மேல். நூற்பவர்கள், நெய்பவர்கள், கம்பளி சிக்கெடுப்பவர்கள், மாவு அரைப்பவர்கள். ஒருவருக்கும் பெயர் கிடையாது. வேலை அல்லது ஊர், தலை எண்ணிக்கை, கூட இருக்கும் சிறுமிகள் எத்தனை, சிறுவர்கள் எத்தனை, இவர்களுக்கு அளந்துகொடுத்த தானியமும் அத்திப்பழமும் எவ்வளவு. அவ்வளவுதான். சில குழுக்களின் ஊர்ப்பெயர்கள் மிலேட்டஸ், நிடஸ், லெம்னோஸ். முதல் இரண்டும் டிராய் இருந்த அதே ஆசியா மைனர்க் கரையைச் சேர்ந்தவை. மூன்றாவது அந்தக் கரைக்கு எதிரே உள்ள தீவு. போரிலோ கடற்கொள்ளையிலோ பிடித்துவரப்பட்டவர்கள் அல்லது அடிமைச் சந்தையில் வாங்கப்பட்டவர்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ஹோமரின் காவியங்கள் கி.மு. எட்டாம் நூற்றாண்டை ஒட்டி உருவானவை என்பது பொதுக் கருத்து. அரண்மனைகள் எரிந்ததோடு கிரேக்க நிலப்பகுதியில் எழுத்தே மறந்துபோனது. நானூறு வருடம் போல யாரும் எதையும் எழுதவில்லை. பாணர்கள் வாய்வழியாகவே கதைகளைக் கடத்தினார்கள். பைலோஸின் கணக்கை ஹோமர் கண்ணால் கண்டிருக்க வழியில்லை. அது சாம்பலுக்கடியில் கிடந்தது. ஆனாலும் ஆண்ட்ரோமக்கிக்கு நேரும் என்று ஹெக்டர் பயந்த விதி, அந்தப் பலகையில் பெயரில்லாமல் எண்ணப்பட்டவர்களின் விதியேதான். ஹோமரின் காலத்திலும் அது நடந்துகொண்டிருந்தது. ஹெக்டர் இருந்தானா என்பதற்குச் சான்று இல்லை. ஹெக்டர், அகிலீஸ் என்ற பெயர்கள் அந்தக் காலப் பலகைகளில் சாதாரண ஆட்களின் பெயராக வருகின்றன, அவ்வளவுதான். தறியில் உட்காரவைக்கப்பட்ட பெண்களுக்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. கடைசி பெஞ்சுப் பையனுக்கு இதுதான் என் பதில்.

அந்த எழுத்தைப் படித்த கதையும் உங்கள் வகுப்புக்கு ஏற்றது. லீனியர் பி என்று அதற்குப் பெயர். கிரீட் தீவில் 1900இல் அதைக் கண்டெடுத்த ஆங்கிலேய அகழாய்வாளர் ஆர்தர் எவன்ஸ் சாகும்வரை படிக்க முடியவில்லை. அது கிரேக்க மொழியே அல்ல என்று உறுதியாக நம்பினார். 1936இல் லண்டனில் ஒரு கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து போன 14 வயதுப் பையன், எவன்ஸ் அந்தப் பலகைகளைக் காட்டியபோது, இதை இன்னும் யாரும் படிக்கவில்லையா என்று கேட்டான். பையனின் பெயர் மைக்கேல் வென்ட்ரிஸ். பின்னாளில் கட்டடக் கலைஞர் ஆனார். அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. 1952இல் பி.பி.சி. வானொலியில் அறிவித்தார்: அது கிரேக்கம்தான்.

வென்ட்ரிஸை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் புரூக்ளின் கல்லூரியில் லத்தீன் கற்பித்த ஆலிஸ் கோபர் என்ற பேராசிரியை, போர்க்காலத்தில் காகிதம் கிடைக்காதபோது பழைய வாழ்த்து அட்டைகளையும் சர்ச் அறிவிப்புகளையும் கத்தரித்து, ஒவ்வொரு குறியும் எங்கே எப்படி வருகிறது என்று அட்டை அட்டையாக எழுதி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். சொற்களின் கடைசி மாறுகிறது, அதாவது இதில் வேற்றுமை உருபு போல ஒன்று இருக்கிறது என்று காட்டியவர் அவர். வென்ட்ரிஸ் ஏறிப்போன படி அது. 1950இல், விடை தெரிவதற்கு இரண்டு வருடம் முன்பு, இறந்துபோனார். பெண்பிள்ளைகள் அவர் பெயரைக் கேட்கவேண்டும்.

வென்ட்ரிஸ் சொன்னது சரி என்று உலகத்தை நம்பவைத்த பலகையை நீங்கள் கரும்பலகையிலேயே வரையலாம். பிளேகன் பைலோஸில் புதிதாகக் கண்டெடுத்தது, வென்ட்ரிஸ் பார்த்திராதது. அதில் வரிசையாகப் பாத்திரங்களின் படம்: ஒரு ஜாடிக்கு மூன்று காது (கைப்பிடி), இன்னொன்றுக்கு நான்கு, இன்னொன்றுக்குக் காதே இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொல். வென்ட்ரிஸ் கொடுத்த ஒலிகளைப் போட்டுப் படித்தால் மூன்றுகாதுப் படத்துக்குப் பக்கத்தில் 'டிரி' என்று தொடங்கும் சொல், அதாவது கிரேக்கத்தில் மூன்று, நான்குகாதுக்கு நான்கு, காதில்லாததற்கு 'இல்லை'. படத்தை முதலில் வரைந்து, சொற்களைக் கலைத்துக் கொடுத்து, எது எதற்கு என்று பிள்ளைகளையே பொருத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். சான்று என்றால் என்ன என்பதை அவர்களே செய்து பார்த்துவிடுவார்கள்.

யவனர் கேள்விக்குச் சுருக்கமாக. ஆமாம், தொடர்பு உண்டு, ஆனால் காலம் வேறு. அகநானூற்று 149ஆம் பாட்டில் யவனர் கலங்கள் சேரர் துறைமுகமான முசிறிக்குப் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்". கறி என்றால் மிளகு. அந்த வணிகத்துக்கு மறுகரையிலிருந்தும் சான்று இருக்கிறது. இப்போது வியன்னாவில் இருக்கும் ஒரு பப்பைரஸ் (நாணல் தாள்) ஏடு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, முசிறிப் பயணத்துக்கு வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம். கிரேக்க மொழியில் எழுதியது. பின்பக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு, யானைத் தந்தம் உட்பட. இவர்கள் பெரும்பாலும் ரோமானிய ஆட்சியில் இருந்த எகிப்தின் கிரேக்க மொழிக்காரர்கள். ஹெக்டரின் கதைக்காலத்துக்கும் இவர்களுக்கும் நடுவே ஆயிரத்து முந்நூறு வருடம் இருக்கிறது. டிராய் வீரர்களை முசிறியில் இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தூக்கிக்கொண்டு போகும் கதைகள். வடிகட்ட வேண்டாம், தேர்ந்தெடுங்கள். டிமீட்டர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோமரின் பெயரால் வழங்கும் பழைய துதிப்பாடல் ஒன்றில் இருக்கிறது. டிமீட்டரின் மகள் பெர்செபொனி தோழிகளோடு பூப்பறிக்கிறாள். பூமி பிளந்து, பாதாளத்தின் அரசன் ஹேடிஸ் அவளைத் தேரில் ஏற்றிக்கொண்டு பாதாளத்துக்குப் போகிறான். இது திருட்டுத்தனமாக நடந்ததில்லை. அவளுடைய தகப்பன் ஜீயஸ் முன்பே சம்மதம் கொடுத்திருக்கிறான். பெண்ணையும் கேட்கவில்லை, தாயையும் கேட்கவில்லை. டிமீட்டர் ஒன்பது நாள் சாப்பிடாமல், குளிக்காமல், கையில் தீப்பந்தத்தோடு அலைகிறாள். நல்ல மாப்பிள்ளைதான், உன் மகளுக்கு என்ன குறை என்று சூரியன் சமாதானம் சொல்கிறான். அவள் கேட்பதாயில்லை. தானியங்களின் தெய்வம் அவள். விதை ஒன்றும் முளைக்கவிடாமல் நிறுத்திவிடுகிறாள். மனிதர்கள் பட்டினியில் சாகத் தொடங்கி, கடவுள்களுக்குப் படையலே நின்றுபோகும் நிலை வந்த பிறகுதான் ஜீயஸ் இறங்கிவருகிறான். மகள் திரும்புகிறாள். ஆனால் பாதாளத்தில் ஒரு மாதுளை விதையைத் தின்னவைத்துவிட்டதால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் இருந்தாக வேண்டும்.

பழைய ஏதென்ஸில் பெண்களுக்குக் கல்யாணம் ஆகும் வயது பதினாலு, பதினைந்து. உங்கள் ஒன்பதாம் வகுப்பின் வயது. மாப்பிள்ளைக்கு முப்பது வயதுபோல் இருக்கும். தகப்பன் வாக்குக் கொடுத்தால் முடிந்தது. இந்தக் கதையைக் கேட்ட தாய்மார்கள் அதைக் கடவுள் கதையாக மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. உங்கள் வகுப்பிலும் அப்படித்தான். இந்த வயதிலேயே வரன் பார்க்கப்படும் பிள்ளை ஒன்றாவது அங்கே உட்கார்ந்திருக்கலாம். கதையைச் சொன்னதும் சூரியன் சொன்ன சமாதானம் சரியா என்று மட்டும் கேளுங்கள். முதலில் பெண்பிள்ளைகள் பேசட்டும். பையன்களும் பேசுவார்கள், கொஞ்சம் நேரம் கொடுத்தால்.

இரண்டு பீரியடாவது ஒதுக்குங்கள், ஒன்றில் அடங்காது. என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.