வேலிக்கு அப்பால் காடு: மலையடிவாரத் தோட்டத்தைக் கோடைத் தீயிலிருந்து காப்பது எப்படி?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் மாவும் இலவும் பயிரிட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் நான்கு ஏக்கர் தோட்டத்தின் மேற்கு வேலியை ஒட்டிக் காப்புக்காடு தொடங்குகிறது. சென்ற பங்குனியில் மலையில் பிடித்த தீ இரண்டு நாள் எரிந்து, வேலியோரத்து இலவ மரங்களையும் சொட்டுநீர்க் குழாய்களையும் கருக்கிவிட்டது. இந்த ஆண்டு வேலிக்கு வெளியே கிடக்கும் சருகை நாங்களே முன்கூட்டித் தீ வைத்து எரித்துவிடலாமா? தோட்டத்து வீட்டில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள். தீ இறங்கி வந்தால் எங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?”

முதல் கேள்விக்கு விடை: கூடாது. காப்புக்காட்டுக்குள் தீ வைப்பது மட்டுமல்ல, அதற்கு ஆபத்து நேரும் வகையில் பட்டா நிலத்தில் தீ மூட்டுவதும், மூட்டிய தீயை அணைக்காமல் விட்டுச் செல்வதும் வனச் சட்டப்படி குற்றமாகும். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் உங்கள் தோட்டம் இருக்கும் இடமே இதற்கு எதிராக நிற்கிறது. நீங்கள் அடிவாரத்தில் இருக்கிறீர்கள், காடு உங்களுக்கு மேலே இருக்கிறது. தீயின் வெப்பமும் சுவாலையும் மேல்நோக்கிச் சாய்வதால், சரிவில் மேலே இருக்கும் புல்லும் சருகும் தீ வந்து தொடுமுன்பே காய்ந்து சூடேறிவிடுகின்றன. ஒவ்வொரு பத்துப் பாகை (டிகிரி) சரிவுக்கும் ஏறுகின்ற தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்புத் துறையினர் உலகெங்கும் கைக்கொள்ளும் கணக்கு. அதாவது, சமதளத்தில் நீங்கள் நடந்தே முந்திவிடக்கூடிய தீ, 30 பாகைச் சரிவில் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும். வேலியோரம் நீங்கள் வைக்கும் சிறு தீ, மண்வெட்டியோடு நீங்கள் திரும்புவதற்குள் மலையேறிவிடும். இந்தியக் காடுகளில் எரியும் தீயில் பெரும்பகுதி இடியினால் அன்று, மனிதர் கையால் மூண்டதுதான். அவற்றுள் பல, நல்லெண்ணத்தோடு வரப்போரம் கொளுத்திய குப்பையிலிருந்து கிளம்பியவை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

வனத்துறையும் தீத்தடுப்புக் கோடுகளை எரித்துத்தானே அமைக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர்கள் பலர் கூடி, இருபுறமும் தரையைச் செதுக்கிவைத்து, காற்று அடங்கிய நேரம் பார்த்து, புல் முழுதும் காய்வதற்கு முன்பே அந்த வேலையை முடிக்கிறார்கள். பங்குனி வெயிலில் இருவர் மூவராகச் செய்யும் காரியம் அன்று அது.

மழை நன்றாகப் பெய்த ஆண்டில் காட்டுத்தீ குறையும் என்று பலரும் நம்புகிறார்கள். நம் மலைகளில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை நன்கு பெய்தால் சரிவுகளில் புல் ஆளுயரம் வளர்கிறது. மார்கழிப் பனியிலும் தை வெயிலிலும் அது காய்ந்து நிற்கும்போதே இலையுதிர் காட்டு மரங்களும் தழையை உதிர்த்துவிடுகின்றன. அதன்பின் கோடை மழை தாமதித்தால் போதும். உண்ணிச்செடிப் புதர் மண்டிய இடங்களில் நிலைமை இன்னும் மோசம். தரையில் ஊர்ந்து போகவேண்டிய தீ அந்தப் புதரை ஏணியாகப் பிடித்து மரக்கிளைக்கு ஏறிவிடுகிறது. ஆகவே, நல்ல மழை கண்ட ஆண்டில்தான் நீங்கள் தை மாதத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

அன்றன்றைய ஆபத்தை அறிய ஒரு வழி சொல்கிறேன். விடியற்காலையில் வேலியோரத்துச் சருகை ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பாருங்கள். பனியின் ஈரம் இருந்தால் அது வளையும், நொறுங்காது. அதே சருகைப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கசக்கினால் அப்பளம் போல் உடையும். மெல்லிய சருகும் புல்லும் ஓரிரு மணி நேரத்திலேயே காற்றின் வறட்சிக்கு இணங்கிவிடுகின்றன. விடியற்காலையிலேயே அது மொறுமொறுவென்று உடையத் தொடங்கினால், அன்று தோட்டத்தில் வெல்டிங் வேலையும் வேண்டாம், பீடியும் வேண்டாம்.

இனி வேலிக்கு வருவோம். காப்புக்காட்டுக்குள் ஒரு செடியைக்கூட வெட்ட உங்களுக்கு உரிமையில்லை என்பதால், வேலை முழுவதும் உங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். மேற்கு வேலி நெடுகிலும் உட்புறமாக, புல்லின் உயரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலத்துக்கு, எப்படியும் பத்து அடிக்குக் குறையாமல், வெறும் மண் தெரியும்வரை செதுக்கிவிடுங்கள். செதுக்கிய சருகை வேலியோரம் குவிக்காமல், உள்ளே கொண்டுபோய் எருக்குழியில் இட்டு நனைத்துவிடுவதே நல்லது. காடு மேலே இருப்பதால் உங்களுக்கு வரும் தீ பெரும்பாலும் மெதுவாக இறங்கும், ஆனால் எரியும் கட்டைகள் சரிவில் உருண்டு வரும். அவை தங்குவதற்கு, செதுக்கிய பட்டையின் மேற்புறத்தில் முழங்கால் ஆழச் சால் ஒன்று குறுக்காக வெட்டிவிட்டால், கொள்ளி அதில் விழுந்து கிடக்கும். பட்டைக்கு உட்புறம் நீர் பாய்ச்சிய பசுந்தீவனம் ஒரு வரிசை இருந்தால் இன்னும் நன்று. தோட்டம் முழுவதையும் மொட்டையாக்க வேண்டியதில்லை. நடுவே மரத்தடியில் கிடக்கும் மூடாக்கு மண்ணுக்குத் தேவை, அதை விட்டுவிடுங்கள். சொட்டுநீர்க் குழாய்களை மட்டும் வேலியிலிருந்து தள்ளிப் பதியுங்கள்.

இலவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தீக்காலமும் இலவங்காய் முற்றும் காலமும் ஒன்றாகவே வருகின்றன. காய் வெடித்துப் பஞ்சு பறக்கத் தொடங்கினால், மெழுகுப் பசையுள்ள அந்தப் பஞ்சு ஒரு பொறியிலேயே பற்றிக்கொண்டு, காற்றோடு அடுத்த மரத்துக்குப் போகும். எனவே வேலியோரத்து மரங்களின் காயை வெடிக்கவிடாமல் முதலில் பறித்துவிடுங்கள். பறித்த காயையும் பஞ்சு மூட்டையையும் வீட்டுத் திண்ணையிலோ மோட்டார் அறையிலோ அடுக்கி வைக்காதீர்கள். வீடுகளில் பல சுவாலை தொட்டு எரிவதில்லை, பறந்து வந்த பொறி ஓட்டு இடுக்கிலும் வைக்கோல் படப்பிலும் விறகுக் குவியலிலும் விழுந்து எரிகின்றன. இவற்றை மாசிக்குள் ஒழுங்குபடுத்திவிட்டால் பாதி வீட்டைக் காத்தது போலாகும்.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரே எண்ணாக விடை கூற முடியாது. பகலில் காற்று மலையேறும், பொழுது சாய்ந்தபின் மலையிறங்கும். பகல் முழுவதும் மேலே நின்று எரிந்த தீ, மாலைக்குப் பின் உங்கள் பக்கம் திரும்பக்கூடும். ஆகவே மலைமுகட்டில் புகை தெரிந்த அன்று பிற்பகலிலேயே, வெளிச்சம் இருக்கும்போதே, பெற்றோரை ஊருக்குள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். முதியோருக்குச் சுவாலையைவிடப் புகையே முதலில் கேடு செய்யும். நனைத்த துண்டு நுண்ணிய புகைத்துகளைத் தடுக்காது, என்95 முகக்கவசம் இரண்டு வீட்டில் இருக்கட்டும். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் இருந்து தீயணைப்பதாக இருந்தால் பாலியஸ்டர் துணி உடுத்தாதீர்கள், அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எந்த நிலையிலும் தீக்கு மேலே, காய்ந்த புல் நிற்கும் சரிவில் நிற்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று, உங்கள் ஊருக்கு அருகே குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் 23 உயிர்களைப் பறிகொடுத்தோம். காய்ந்த புல் மூடிய சரிவில், பிற்பகல் காற்றில், அனுபவமுள்ளவர்களுக்கும் ஓட வழியிருக்காது. வழி அடைபட்டால், ஏற்கெனவே எரிந்து கரிந்த தரையே ஓரளவு பாதுகாப்பான இடம்.

டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள் தரவைக் கொண்டு தீ எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம், செய்யுங்கள். ஆனால் அதையே நம்பியிருக்க வேண்டாம். கூர்மையாகப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் நள்ளிரவுக்குப் பின்னும் நண்பகலுக்குப் பின்னும் ஏறத்தாழ ஒன்றரை மணி அளவில் கடப்பதால், மாலை நான்கு மணிக்குப் பிடித்த தீ அவற்றுக்கு இரவில்தான் தெரியும். உங்கள் கண்ணும் தொலைபேசியும் அதைவிட விரைவானவை. வனச்சரகர், வனக்காவலர், உங்கள் பகுதித் தீத்தடுப்புக் காவலர் ஆகியோரின் எண்களை மோட்டார் அறைச் சுவரில் பெயிண்ட்டால் எழுதிவையுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101, பொது அவசர உதவிக்கு 112. தகவல் சொல்லும்போது ஓடை, கோயில், பாறை என்று இடத்தின் பெயரைச் சொன்னால் அவர்கள் வழிதேடி அலைய நேராது.

தீ அடங்கியபின் வேலியோரத்தை இரண்டு மூன்று நாள் விடியற்காலையில் சுற்றி வாருங்கள். அடிக்கட்டைகளும் வேர்களும் மண்ணுக்குள் கனன்றுகொண்டிருக்கும். குளிர்ந்த காலைக் காற்றில்தான் அவற்றின் மெல்லிய புகைக்கோடு கண்ணுக்குத் தெரியும். புறங்கையைத் தரைக்கு மேலே காட்டி, சூடு இருக்கும் இடத்தைக் கொத்திக் கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் கிளறி, மீண்டும் ஊற்றுங்கள்.