விக்கால வர்ற கத்தி, நட்சத்திரம், மெழுகுவர்த்தி எல்லாம் எதுக்கு? பொண்ணு இதுல இறங்கிட்டா பயப்படணுமா?

கேள்வி கேட்ட அம்மா, உங்களுக்குத்தான் இந்தப் பதில். காலேஜ் செகண்ட் இயர் படிக்கிற பொண்ணு அஞ்சு முனை நட்சத்திர டாலர் போட்டிருக்கா, ராத்திரி ரூம்ல மெழுகுவர்த்தி ஏத்தி வச்சு நோட்டுல என்னமோ எழுதுறா, என்னன்னு கேட்டா விக்காங்கிறா, கூகுள்ல தேடினா சூனியக்காரிங்க மதம்னு வருது, கையும் ஓடல காலும் ஓடலன்னு எழுதியிருந்தீங்க. கீழ வந்த பதில் எல்லாம் பாத்தேன், ஒண்ணு சாத்தான் வழிபாடுங்குது, இன்னொண்ணு சும்மா ஃபேஷன், விட்டுருங்கங்குது. ரெண்டுமே சரியில்ல. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

நான் இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல நர்ஸ். இங்கேர்ந்து கொஞ்ச தூரம் கார்ல போனா நியூ ஃபாரஸ்ட் காடு, விக்கா பொறந்த இடம்னே அந்தக் காட்டத்தான் சொல்லுவாங்க. எங்க வார்டுல கூட வேலை பாக்குற ஒருத்தங்க, அறுபது வயசு இருக்கும், இருபது வருஷத்துக்கு மேல விக்கால இருக்காங்க. எங்கப்பா ஊர்ல தவறினப்ப ஃப்ளைட் டிக்கெட் கிடைக்கிற வரைக்கும் ராத்திரி முழுக்க என் பக்கத்துல உக்காந்திருந்தது அவங்கதான், அதனால ஒரு பிப்ரவரி மாசம் 'எங்க வீட்ல இம்போல்க் வச்சிருக்கோம், வெளியாளுங்களும் வரலாம், வர்றியா'ன்னு கேட்டப்ப பயமா இருந்தாலும் மாட்டேன்னு சொல்ல வாய் வரல. இம்போல்க்னா குளிர் காலம் முடிஞ்சு மண்ணு முழிக்க ஆரம்பிக்கிறதுக்கான பண்டிகை. அவங்களுக்கு வருஷத்துல இந்த மாதிரி எட்டு பண்டிகை இருக்கு, சூரியன் போக்க வச்சு நாலு, நடு நடுவுல நாலு, அது போக பௌர்ணமிக்குக் கூடுறது தனி.

ஹால்ல சோஃபாவை எல்லாம் ஓரமா தள்ளிட்டு நடுவுல ஒரு சின்ன மேசை போட்டிருந்தாங்க. முதல்ல ஒரு குச்சித் துடைப்பத்தை எடுத்து தரையில படாம ஒரு ஜாண் மேலயே பெருக்கினாங்க, எனக்கு ஒண்ணும் புரியல, தூசி பெருக்குறது காலைலயே ஆச்சாம், இது இடத்தை சுத்தம் பண்றதாம். கிழக்குல ஊதுபத்தி, அது காத்துக்கு. தெற்குல சிவப்பு மெழுகுவர்த்தி, நெருப்புக்கு. மேற்குல கிண்ணத்துல தண்ணி, வடக்குல ஒரு தட்டுல கல்லும் உப்பும், அது மண்ணுக்கு. அப்புறம் கருப்புப் பிடி போட்ட ஒரு கத்திய எடுத்தாங்க. சத்தியமா சொல்றேன், எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. ஆனா அவங்க பண்ணது அந்தக் கத்தி நுனியில மூணு தடவை உப்ப எடுத்து தண்ணியில கலக்கினதுதான். அந்தத் தண்ணிய சுத்தித் தெளிச்சுட்டு, கத்திய கைய நீட்டிப் பிடிச்சுக்கிட்டே எங்க எல்லாரையும் உள்ள விட்டு வலமா ஒரு சுத்து நடந்து வந்தாங்க. அதுதான் வட்டம் போடுறது. தரையில கோடு ஒண்ணும் இல்ல.

பாதியில அவங்க பேரன், அஞ்சு வயசு, பாத்ரூம் போகணும்னு நெளிய ஆரம்பிச்சுட்டான். எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு, பூஜை நடுவுல எழுந்தா திட்டு விழுமேன்னு. பாட்டி திட்டல. கத்திய எடுத்தாங்க, தரையில ஆரம்பிச்சு மேல, அப்புறம் குறுக்க, அப்புறம் கீழன்னு காத்துல ஒரு கதவு வரைஞ்சாங்க, திரைய விலக்குற மாதிரி கைய விலக்கினாங்க, பையன் அதே கதவு வழியா குனிஞ்சு போனான். பையன் திரும்பி வர்ற வரைக்கும் அங்கயே நின்னாங்க. வந்ததும் கத்தியாலயே தைக்கிற மாதிரி அப்படியும் இப்படியும் மூணு தடவை இழுத்து மூடிட்டு விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்தாங்க. பன்னெண்டு பேர் இருந்தோம், கண்ணுக்கே தெரியாத ஒரு கோட்டை ஒருத்தர் கூட தாண்டல, குழந்தை உட்பட.

எல்லாம் முடிஞ்சு கேக்கும் வைனும் கொடுத்தாங்க, மிச்சம் கொஞ்சத்த தோட்டத்து மண்ணுல ஊத்தினாங்க. அப்புறம் அந்தக் கத்திய தொட்டுப் பாக்கலாமான்னு கேட்டேன். கூரே இல்ல, வெண்ணெய் வெட்டக்கூட ஆகாது. 'இது எதையும் வெட்டக்கூடாது, மூலிகை அறுக்க, கயிறு அறுக்க வெள்ளைப் பிடி கத்தி தனியா இருக்கு'ன்னாங்க. கருப்புப் பிடி கத்திக்குப் பேர் அத்தாமே. எனக்குத் தெரிஞ்சு விக்காவைப் புரிஞ்சுக்க இந்த ஒரு கத்தி போதும். வெட்டாத கத்தி எதுக்கு? இது உள்ள, அது வெளிய, இப்ப ஆரம்பம், இப்ப முடிவுன்னு பிரிச்சுக் காட்ட. மனசு சொல்ற எல்லையை கை சொல்றதுக்கு ஒரு கருவி. மத்த சிம்பல் எல்லாத்தையும் இதே மாதிரிதான் பாக்கணும், அந்தப் பொருளுக்குள்ள என்ன சக்தி ஒளிஞ்சிருக்குன்னு தேடாம அத வச்சு என்ன சொல்றாங்கன்னு பாருங்க, பாதி பயம் போயிரும்.

இந்தக் கத்தி எப்படி உள்ள வந்துச்சுங்கிறதே ஒரு பெரிய கதை. விக்காவை வெளி உலகத்துக்குக் கொண்டு வந்தவர் ஜெரால்ட் கார்ட்னர், 1884ல பொறந்தவர். இவர் சின்ன வயசுல இலங்கையில தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தவர், ஆமா, நம்ம ஜனங்க கொழுந்து பறிச்ச அதே மலைநாடு. கொழும்புலதான் ஃப்ரீமேசன்ங்கிற, ரகசியச் சடங்குகள் வச்சிருக்கிற சங்கத்தோட கிளையில சேர்ந்தார். அப்புறம் மலாயாவுல கஸ்டம்ஸ் ஆபீசர், அங்க மலாய்க்காரங்களோட கெரிஸ் கத்தி மேல பைத்தியமா சேர்த்து அதப் பத்தி 1936ல ஒரு புத்தகமே போட்டார். ரிட்டயர் ஆகி இங்கிலாந்து வந்து, நியூ ஃபாரஸ்ட் பக்கம் ஒரு பழைய குழு என்னை 1939ல சேர்த்துக்கிச்சுன்னு சொன்னார். இங்கிலாந்துல 1735லேர்ந்து இருந்த சூனியச் சட்டம் 1951ல ரத்தாச்சு, 1954ல இந்த மதத்தப் பத்தி இவர் எழுதின புத்தகம் வெளிய வந்துச்சு. அத்தாமேங்கிற பேரும் கருப்புப் பிடியும் சாலமன் ராஜா பேர்ல உலாவுற பழைய மந்திரப் புத்தகங்கள்லேர்ந்து வந்தது. ஆனா மேசையில கத்திக்கு இவ்ளோ பெரிய இடம் கிடைச்சதுக்கு அந்த மனுஷனோட கெரிஸ் ஆசையும் ஒரு காரணம்னுதான் எனக்குத் தோணுது. மூணு படி தீட்சை, மந்திரம் முடியிறப்ப 'அப்படியே ஆகட்டும்'னு எல்லாரும் சேர்ந்து சொல்றது, இதெல்லாம் ஃப்ரீமேசன் வாடை.

அப்போ இது பழைய மதமே இல்லையான்னா, இல்ல, முழுசா எடுத்துக்கிட்டா நூறு வருஷம்கூட ஆகல. கிறிஸ்தவத்துக்கு முன்னாடிலேர்ந்து ரகசியமா தொடர்ந்து வந்த மதம்னு மார்கரெட் மர்ரேன்னு ஒரு அறிஞர் 1921ல எழுதினாங்க, கார்ட்னர் அத நம்பினார், இன்னைக்கு வரலாற்று ஆய்வாளர்கள் யாரும் அத ஏத்துக்கிறது இல்ல. உங்க பொண்ணு நெட்ல தொண்ணூறு லட்சம் சூனியக்காரிங்கள எரிச்சாங்கன்னு படிச்சிருப்பா, அதுவும் தப்பு, ஐரோப்பா முழுக்க சேர்த்து நாப்பதாயிரத்துலேர்ந்து அறுபதாயிரம் வரைக்கும்னுதான் கணக்கு சொல்றாங்க (அதுவே எவ்ளோ பெரிய கொடுமை), அதுவும் இங்கிலாந்துல எரிக்கல, தூக்குல போட்டாங்க. அவங்க விக்காவும் இல்ல, பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்காரங்க கை காட்டி விட்ட ஏழைப் பொம்பளைங்க.

புதுசுங்கிறதால மட்டமா நினைக்கத் தோணல எனக்கு. காரணம் டோரீன் வாலியன்டேன்னு ஒரு அம்மா. 1953ல கார்ட்னர்கிட்ட தீட்சை வாங்கினவங்க. அவர் வச்சிருந்த மந்திர நோட்டைப் படிச்சுட்டு, இதுல பாதி அலிஸ்டர் குரோலி எழுதினதாச்சேன்னு நேரா கேட்டுட்டாங்க. குரோலி மந்திர மாயம் பத்தி எழுதின இங்கிலீஷ்காரர், அவருக்கு அப்ப பேப்பர்ல எல்லாம் ரொம்பக் கெட்ட பேரு. உன்னால இதைவிட நல்லா எழுத முடியும்னா எழுதுன்னார் கார்ட்னர். எழுதினாங்க. தேவியே பக்தர்கள்கிட்ட பேசுற மாதிரி வர்ற உரை, இன்னைக்கு உலகம் முழுக்க விக்காக்காரங்க சொல்றது, அது அவங்க திருத்தி எழுதினது. 1999ல தவறிட்டாங்க, பிரைட்டன்ல அவங்க குடியிருந்த பில்டிங்ல 2013ல நீலப் பலகை வச்சாங்க, நான் போய் கீழ நின்னு பாத்துட்டு வந்தேன். சாதாரண அடுக்குமாடி. ஒரு மதத்தோட பிரார்த்தனையை எழுதின கைதான் அங்க கதவத் திறந்துச்சு, துணி காயப் போட்டுச்சுன்னு நினைச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

சரி, மேஜிக். குரோலி சொன்ன விளக்கம், நம்ம மன உறுதிப்படி மாற்றத்தை உண்டாக்குற கலையும் அறிவியலும். கூட்டமா பண்றப்ப கை கோத்து சுத்தி வந்து, பாடி, வேகம் கூட்டிக் கூட்டி, திரட்டின சக்திய ஒரு உச்சத்துல 'விடுறாங்க', அத சக்திக் கூம்புங்கிறாங்க. 1940ல ஹிட்லர் கடலைத் தாண்டி வரக்கூடாதுன்னு நியூ ஃபாரஸ்ட்ல இப்படி ஒண்ணு பண்ணோம்னு கார்ட்னர் சொன்னார், அவர் சொன்னத தவிர உறுதியான ஆதாரம் இல்ல. வீட்ல தனியா பண்றவங்களுக்கு மெழுகுவர்த்தி, முடிச்சுக் கயிறு இதுதான். எங்க வார்டு அம்மாவோட மகளுக்கு வேலை இன்டர்வ்யூ வந்தப்ப பச்சை மெழுகுவர்த்தியில ஆணியால கீழேர்ந்து மேல வரைக்கும் ஒரு வார்த்தை கீறினாங்க, 'தைரியம்'. வேலைன்னு கீறலையேன்னு கேட்டேன். வேலைய குடுக்கறது அந்தக் கம்பெனிக்காரங்க, அவங்க மனச நான் திருப்பக்கூடாது, எம்பொண்ணு மனசுக்கு வேணா பலம் குடுக்கலாம்னாங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்து பதினோரு மணி வரைக்கும் இன்டர்வ்யூ கேள்விகளையும் ஓட்டிப் பாத்தாங்க.

அந்தப் பதில்லயே விக்காவோட நீதி இருக்கு. யாருக்கும் கெடுதல் இல்லைன்னா உன் விருப்பப்படி செய், இதுதான் அவங்க தாரக மந்திரம். அடுத்தவங்களுக்கு அனுப்புறது மூணு மடங்கா நமக்கே திரும்பும்னும் நிறைய பேர் நம்புறாங்க. பில்லி சூனியம், ஏவல், செய்வினைன்னு நாம சொல்றது எல்லாமே அடுத்தவனைக் கெடுக்கிறது, அதனால இங்கிலீஷ்ல விட்ச்ங்கிற வார்த்தைய சூனியக்காரின்னு மொழிபெயர்த்த உடனே நமக்கு அடிவயிறு கலங்குது. சூனியக்காரிங்கிற அந்த வார்த்தை இவங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

டாலர்ல இருக்குற நட்சத்திரத்துக்கு வர்றேன். நாலு முனை மண்ணு, தண்ணி, நெருப்பு, காத்து. அஞ்சாவது, மேல நிக்கிறது, ஆன்மா. சுத்தி வட்டம் இருந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுன்னு அர்த்தம். தலைகீழா இருந்தா சாத்தான்னு சொல்றாங்களே, கார்ட்னர் வழியில ரெண்டாம் படி தீட்சைக்கே தலைகீழ் நட்சத்திரம்தான் அடையாளம். அமெரிக்காவுல 1966ல சாத்தான் சர்ச்சுன்னு ஒண்ணு ஆரம்பிச்சவங்க தலைகீழ் நட்சத்திரத்த எடுத்துக்கிட்டதால இப்ப நிறைய விக்காக்காரங்க அதத் தவிர்க்கிறாங்க. விக்கால சாத்தானே கிடையாது, அது கிறிஸ்தவத்துக்குள்ள இருக்குற ஆள். கொம்பு வச்ச ஆண் தெய்வம் உண்டு, அது காட்டுக்கும் வேட்டைக்கும் உண்டான தெய்வம், கூடவே நிலாவோட சேத்துப் பாக்குற தேவி. ஆப்கானிஸ்தான்ல 2005ல உயிர் விட்ட ஒரு அமெரிக்க சோல்ஜரோட மனைவி, அவர் நினைவுக்கல்லுல இந்த நட்சத்திரத்தப் பொறிக்கணும்னு அரசாங்கத்தோட போராடினாங்க, கோர்ட்டுக்கும் போன பிறகு 2007ல அனுமதிச்ச சின்னங்கள்ல அதையும் சேர்த்தாங்க. உங்க பொண்ணு கழுத்துல கிடக்கிறது அந்த நட்சத்திரம்.

மறைக்காம இன்னொண்ணும் சொல்லிடறேன், எப்படியும் நீங்க நெட்ல படிப்பீங்க. கார்ட்னர் காலத்து குழுக்கள்ல உடையில்லாம சடங்கு பண்றது உண்டு, இப்பவும் சில குழுக்கள்ல இருக்கு, அங்கியோட பண்றவங்களும் ஏராளம், நான் போன வீட்ல எல்லாரும் ஸ்வெட்டர்தான். பொதுவா குழுவுல பதினெட்டு வயசுக்குக் கீழ சேர்த்துக்க மாட்டாங்க. 1980கள்லேர்ந்து தனியா பண்றதுக்கான புத்தகங்கள் வந்துருச்சு, உங்க பொண்ணு அந்த மாதிரி தனி ஆளுன்னுதான் நீங்க எழுதினத வச்சு தெரியுது. 2021 சென்சஸ்ல இங்கிலாந்து, வேல்ஸ்ல விக்கான்னு எழுதினவங்க சுமார் 13,000 பேர், அவங்கள்ல நர்ஸ் இருக்காங்க, டீச்சர் இருக்காங்க.

நர்ஸா மூணே மூணு விஷயம் கவனிக்கச் சொல்லுவேன். மெழுகுவர்த்திய திரைச்சீலை பக்கத்துல வைக்கக்கூடாது, ஏத்தி வச்சுட்டுத் தூங்கக்கூடாது. நெட்ல வர்ற மூலிகைக் குறிப்புகள்ல பென்னிராயல் எண்ணெய்னு ஒண்ணு வரும், அது வாய்க்குள்ள போனா கல்லீரலையே கெடுத்துரும், அது வீட்டுக்குள்ளயே வேண்டாம். ஆன்லைன்ல காசு கட்டு, உனக்கு தீட்சை தர்றேன், உன் காதலன திரும்பக் கொண்டு வர்றேன்னு யாராவது கேட்டா உடனே பிளாக் பண்ணச் சொல்லுங்க, கார்ட்னர் வழியில தீட்சைக்குக் காசு வாங்கவே கூடாது, அடுத்தவன் மனச திருப்புறது அவங்க நீதிக்கே விரோதம்.

அந்த நோட்டை அவ இல்லாதப்ப எடுத்துப் படிச்சிராதீங்க. இன்னைக்கு ராத்திரி அவ மெழுகுவர்த்தி ஏத்தறப்ப கதவத் தட்டிட்டுப் போய் பக்கத்துல உக்காருங்க, எந்தப் பொருள் எந்தத் திசையில வச்சிருக்கன்னு மட்டும் கேளுங்க. சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா.