மனநோய் மருந்தால் அப்பாவுக்கு வாயும் நாக்கும் தானாக அசைகின்றன. மருந்தை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் திரும்பலாம். அசைவும் முதலில் அதிகமாகலாம்.

என் அம்மா மனச்சிதைவுக்காகப் பதினெட்டு வருடம் ஹாலோபெரிடால் மாத்திரை சாப்பிட்டவர். காபி டம்ளரை எடுக்கும்போதுதான் முதலில் கவனித்தேன். உதடு குவிந்து குவிந்து விரியும், நாக்கு சட்டென்று வெளியே வந்து உள்ளே போகும். "என்னம்மா மெல்லுகிறாய்?" என்று கேட்டேன். வாயில் ஒன்றுமில்லை. தூங்கும்போது எல்லாம் அடங்கிவிடும். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை மருந்து வெகுகாலம் தடுப்பதால் வரும் இதற்கு டார்டிவ் டிஸ்கைனீசியா என்று பெயர்.

நானும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். நரம்புக்கு நல்லதென்று பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தார்கள். நல்லவேளையாக மருத்துவரிடம் காட்டினேன். பூனைக்காலியில் இருப்பது லெவோடோபா, பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அதே பொருள். உடலில் அது டோபமைனாக மாறும். மனச்சிதைவு உள்ளவருக்கு அது நோயையே கிளறிவிடலாம்.

மூலிகைகளில் ஓரளவு சான்றுள்ளது ஜிங்கோ பைலோபா என்ற மரத்தின் இலைச்சாறு. சீனாவில் மனச்சிதைவு நோயாளிகளுக்கு நாளுக்கு 240 மில்லிகிராம் வீதம் 12 வாரம் கொடுத்ததில் அசைவு குறைந்தது. 2011இல் அந்த ஆய்வு வெளியானது. அமெரிக்க நரம்பியல் அகாடமியும் 2013 வழிகாட்டுதலில் அதைப் பரிசீலிக்கலாம் என்றது. ஆனால் ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் உண்டு. அம்மா ஆஸ்பிரின் சாப்பிடுவதால் எங்களுக்கு அந்த வழி அடைபட்டது. வைட்டமின் ஈ மேலும் மோசமாகாமல் காக்கலாம், வந்த அசைவைக் குறைப்பதாகத் தெரியவில்லை. இதற்கு வைட்டமின் பி6 மாத்திரையும் சொல்வார்கள்; அதை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் கைகால் மரத்துப்போகலாம்.

அப்பாவின் சீட்டில் டிரைஹெக்சிபெனிடில் இருக்கிறதா பாருங்கள். கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் அது நல்ல மருந்து. இந்த வாய் அசைவையோ கூட்டிவிடலாம். அம்மாவுக்கு அதை மருத்துவர் படிப்படியாகக் குறைத்தார். ஹாலோபெரிடாலிலிருந்து, இந்த அசைவை அவ்வளவாகக் கொண்டுவராத க்ளோசபின் என்ற மனநோய் மருந்துக்கு மெல்ல மாற்றி, முதலில் வாராவாரமும் பிறகு மாதாமாதமும் ரத்தப் பரிசோதனை செய்தார். பிறகு அசைவைக் குறைக்கும் டெட்ராபெனசின் மாத்திரையைச் சேர்த்தார். அது மனச்சோர்வைக் கொண்டுவரக்கூடும் என்பதால் அம்மாவின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு கால்விரல்களும் தெரியும்படி எடுங்கள்.

அம்மாவுக்கு உதட்டசைவு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நாக்கு வெளியே வருவதில்லை. பல்செட் ஈறில் உரசிப் புண்ணாவதும் நின்று, இப்போது தோசையை மென்று சாப்பிடுகிறார்.